சொற்களின் யாத்திரை – 17: அரசனை எச்சரித்த 'செக்'

சென்ற வாரம் 'ஸாலரி' என்னும் சொல், உப்பைக் குறிக்கும் இலத்தீன் பதத்திலிருந்து கிளைத்து, பல தேசங்களைச் சுற்றி, கடைசியில் மாதச் சம்பளமாக நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தோம். அது வழிநெடுகப் பணத்தை விட்டு அகலாத சொல்லாகையால், அதைப் பின்தொடர்வதில் நமக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கும் 'செக்' என்னும் சொல்லோ அத்தனை எளிதில் பிடிபடுவதன்று.

வைத்தியரிடம் 'செக்கப்'புக்குப் போகிறவரும், பஸ்ஸில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுச் 'செக்கிங்' இன்ஸ்பெக்டருக்கு அஞ்சி உட்கார்ந்திருப்பவரும், பாங்கியில் 'செக்' மாற்றுகிறவரும், ஜவுளிக் கடையில் 'செக்' சட்டைத் துணி கேட்கிறவரும், எல்லைப்புறச் 'செக்போஸ்ட்'டில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்து நிற்கிறவரும், சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்து எதிராளியின் ராஜாவுக்குச் 'செக்' சொல்லுகிறவரும் வழங்குவது ஒரே சொல்லைத்தான். நம் தினசரிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், ஓர் அரசியல் தலைவர் மற்றொருவருடைய வழியை மறித்துவிட்டால், இன்னாருக்கு இன்னார் வைத்தார் 'செக்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகின்றன. இவர்களுள் ஒருவரும் இது ஆங்கிலச் சொல்லாயிற்றே என்று தயங்குவதில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமற் போவதுமில்லை.

பரிசோதனை, பணம் தரும் சீட்டு, கட்டம் போட்ட துணி, தடை, ராஜாவுக்கு வந்த ஆபத்து ஆகிய இவ்வளவு அர்த்தங்களும் ஒரு சொல்லுக்கு எப்படி வாய்த்தன? ஒலி ஒற்றுமையால் தற்செயலாக ஒன்றுபோலத் தோன்றும் வெவ்வேறு சொற்களோ இவை என்று ஒருவர் சந்தேகிக்கலாம். அத்தகைய தற்செயலான ஒற்றுமைகள் பாஷைகளில் உண்டு. நம் ஊர் எண்ணெய்ச் செக்குக்கும் இந்தச் செக்குக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மேலே சொன்ன பிரயோகங்கள் யாவும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. அந்த வம்சத்தின் மூல புருஷன் பாரசீக தேசத்து அரசன்.

ராஜாவுக்கு ஆபத்து

சதுரங்கம் நம் தேசத்து விளையாட்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு அங்கங்களை உடைய சேனைக்குச் சதுரங்கம் என்பது பெயர்; அந்தச் சேனையையே எட்டுக்கு எட்டாகக் கட்டம் கீறிய பலகையின்மேல் இறக்கி ஆடினமையால் ஆட்டத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ சக்கரவர்த்தியின் ஆதரவில் வாழ்ந்த பாணபட்டர், தம்முடைய ஹர்ஷசரிதத்தில், அந்த அரசனின் ஆட்சியில் சேனைகள் அணிவகுத்து நிற்பதைக் கட்டப் பலகையின்மேல் மட்டுமே காணலாம் என்னும் கருத்தைச் சிலேடையாக அமைத்திருப்பது, இந்த ஆட்டத்தைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அறிஞர்களால் மதிக்கப்படுகிறது.

ஆட்டம் மேற்கே பாரசீகத்துக்குச் சென்றது. இந்திய அரசன் ஒருவன் பலகையையும் காய்களையும் பாரசீகத்தை ஆண்ட முதலாம் குஸ்ருவுக்கு அனுப்பி, இதன் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சவால் விட்டதாகவும், குஸ்ருவின் மந்திரி புஸுர்க்மிஹர் அதைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல் பதிலுக்குப் பகடை ஆட்டம் ஒன்றைத் தானே சமைத்து அனுப்பியதாகவும் பாரசீகத்துப் பழங்கதை ஒன்று சொல்லுகிறது. பிர்தௌஸியும் தம் ஷாநாமாவில் இந்தக் கதையைப் பாடியிருக்கிறார். குஸ்ரு 531 முதல் 579 வரை ஆண்டவன். கதையின் நுணுக்கங்கள் கற்பனையாக இருக்கலாம். ஆனால் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பாரசீகர்கள் மறைக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. சதுரங்கம் என்ற பெயர் அவர்கள் வாயில் சத்ரங்க் ஆயிற்று; அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட அராபியர் வாயில் ஷத்ரஞ்ச் ஆயிற்று.

ராஜாக் காய்க்குப் பாரசீகர் தங்கள் பாஷையில் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற சொல்லையே இட்டார்கள். இந்த 'ஷா' நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆளுதல் என்னும் பொருளுடைய பழைய பாரசீகத் தாதுவிலிருந்து வந்தது அது. ஸம்ஸ்கிருதத்தில் க்ஷத்திரம், க்ஷத்திரியன் என்னும் பதங்களுக்கு மூலமான தாதுவும் அதுவும் உடன்பிறந்தவை.

மற்றக் காய்களை வெட்டலாம். ராஜாவை வெட்டுவதற்கில்லை என்பது ஆட்டத்தின் விதி. ராஜா வெட்டுப்படும் நிலையில் அகப்பட்டுக்கொண்டதை எதிராளி கவனியாமலிருந்தால், அதைப் பயன்படுத்திக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடுவது கண்ணியமான செயலாகக் கருதப்படவில்லை. ஆகையால், தாக்குகிறவன் 'ஷா!' என்று உரக்கச் சொல்லித் தன் எதிராளியை எச்சரிப்பது வழக்கமாயிற்று. 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்பது அதன் தாத்பரியம். இந்த ஒற்றைக் கூப்பாடே நாம் பேசும் 'செக்'. எதிரியை வீழ்த்தியவனின் வெற்றிக் கோஷமாக அல்லாமல், எதிரிக்கே கொடுக்கும் முன்னறிவிப்பாக அது தோன்றியது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இச்சொல்லின் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அதுவே திறவுகோல்.

தப்ப வழியில்லாதபடி ராஜா அகப்பட்டுக்கொண்டால் 'ஷா மாத்' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'செக்மேட்' என்று வழங்குகிறது. 'அரசன் இறந்தான்' என்று இதற்குப் பொருள் சொல்லுவது வெகு பிரசித்தம். அராபியில் 'மாத' என்பதற்கு இறந்தான் என்று அர்த்தம் இருப்பதே அதற்குக் காரணம். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குத் திகைத்தவன், செய்வதறியாது நின்றவன் என்ற பொருள் உண்டு. ராஜாவை வெட்டுவதே இல்லாத ஓர் ஆட்டத்துக்கு இரண்டாவது பொருளே அதிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அராபியர் மூலமாக ஐரோப்பாவில் புகுந்த ஆட்டம், பத்தாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் இருந்த கிறிஸ்தவ மடங்கள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. 'ஷா'வின் முதலொலியையும் ஈற்றில் உள்ள மூச்சொலியையும் எழுத இடமில்லாத இலத்தீன் பாஷை, அதை 'ஸ்காக்குஸ்' என்று ஆக்கியது. பழைய பிரெஞ்சில் அது 'எஸ்செக்' ஆயிற்று. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்று தங்கள் பாஷையை அங்கே அரசவைப் பாஷையாக நாட்டிய பிறகு, முதலெழுத்து தேய்ந்து 'செக்' என்று நின்றது. அதன் பிரெஞ்சுப் பன்மை வடிவமே ஆங்கிலத்தில் ஆட்டத்துக்குப் பெயரான 'செஸ்' என்பது. அதாவது, செஸ் என்றாலும் செக் என்றாலும் ஒன்றேதான், பன்மையும் ஒருமையும் என்பதைத் தவிர வேற்றுமை இல்லை. ஜெர்மானியர் 'ஷாக்' என்றும், ருஷ்யர் 'ஷாக்மதி' என்றும் அந்தப் பாரசீக அரசனையே அழைக்கிறார்கள். ஸ்பானியர் 'அஹெத்ரெஸ்' என்று கூறுவது மட்டும் ஷத்ரஞ்ச் வழியாக வந்த நம் சதுரங்கத்தின் திரிபு. பிரெஞ்சுக்காரர்களோ இன்று 'எஷெக்' என்ற சொல்லைத் தோல்வி என்னும் பொருளில் சகஜமாக வழங்குகிறார்கள். பரீட்சையில் தேறாதவனுக்கும் அங்கே அதுதான்.

பலகையின்மேல் இருந்த சொல் வாழ்க்கையில் இறங்க அதிக காலம் பிடிக்கவில்லை. பதினாலாம் நூற்றாண்டில் சாஸர் என்னும் ஆங்கிலக் கவி, பிரபுவின் மனைவி ஒருத்தி மாண்டதைக் குறித்துப் பாடிய காவியத்தில், துயருற்ற வீரன் ஒருவன் விதி என்னும் பெண்ணுடன் சதுரங்கம் ஆடித் தன் ராணியை இழந்ததாகச் சொல்லி அழுகிறான். ராஜாவுக்கு வந்த ஆபத்து என்னும் பொருளிலிருந்து எவருக்கும் திடீரென்று வந்த இடையூறு என்ற பொருளும், அதிலிருந்து தடுத்து நிறுத்துதல், அடக்குதல் என்ற பொருள்களும் வரிசையாகப் பிறந்தன. வேட்டைப் பருந்து தான் துரத்திய இரையை விட்டு வேறு பறவையின்மேல் பாய்ந்துவிட்டால் அதையும் பருந்து வளர்ப்போர் 'செக்' என்றார்கள்.

கறுப்புத் துணி விரித்த மேஜை

இனி இச்சொல் பணத்தோடு உறவு கொண்ட கதையைப் பார்ப்போம். சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்று பெயர். அந்தப் பெயரே இங்கிலாந்து அரசாங்கத்தின் பொக்கிஷ இலாகாவுக்கும் ஏற்பட்டது. அந்தத் தேசத்தின் நிதி மந்திரி இன்றும் 'சான்ஸலர் ஆப் தி எக்ஸ்செக்கர்' என்றே அழைக்கப்படுகிறார். அந்தப் பெயரின் நடுவில் உள்ள 'க்ஸ்' ஒலி, அதை இலத்தீன் சொல்லென்று தவறாக எண்ணிய எழுத்தர்கள் பிற்காலத்தில் நுழைத்தது.

பொக்கிஷத்துக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை நமக்கு விளக்கி வைத்திருப்பவர், இரண்டாம் ஹென்றி மன்னனின் பொக்கிஷதாராக இருந்து பின்னர் லண்டன் பிஷப்பாகவும் ஆன ரிச்சர்டு பிட்ஸ்நீல். 1170-களின் பிற்பகுதியில், குருவுக்கும் சிஷ்யனுக்கும் நடக்கும் சம்பாஷணையாக, அந்த இலாகாவின் நடைமுறைகளை அவர் இலத்தீனில் ஒரு கிரந்தமாக எழுதி வைத்தார். சிஷ்யன் கேட்கிறான், குரு பொறுமையுடன் விடை சொல்லிக்கொண்டு போகிறார். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேஜை, மேலே வைத்தது கீழே விழாமலிருக்க நான்கு விரற்கடை உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு, அதன்மேல் ஆண்டுதோறும் ஈஸ்டர் பருவத்தில் வாங்கி விரிக்கும் கறுப்புத் துணி, துணியின்மேல் கோடுகள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடங்களில் வட்டக் காசுகளை அடுக்கிக் கணக்குப் பார்த்தார்கள். வலப்பக்கத்து முதல் வரிசை பென்னிகளுக்கு, அடுத்தது ஷில்லிங்குகளுக்கு, அதற்கடுத்தது பவுன்களுக்கு, பிறகு இருபது, நூறு, ஆயிரம் என்று மேலே போகும்.

இப்படிச் செய்ய வேண்டிய அவசியம் என்னவென்றால், அக்காலத்து ஆங்கிலேயர் கையாண்டது ரோமானிய இலக்கங்களை. ஸ்தான மதிப்பும் பூஜ்யமும் இல்லாத அந்த இலக்கங்களைக்கொண்டு தொகையை எழுதி வைக்கலாமேயன்றிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. மேலும், வரி வசூலித்துக்கொண்டு வரும் ஷெரிப்புகளில் பலர் எழுத்தறியாதவர்கள். காசுகளை வரிசையில் வைப்பதும் எடுப்பதும் அவர்கள் கண்ணெதிரே நடந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவனும் தன் பாக்கி எவ்வளவு என்பதைக் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளுவான். ஒவ்வொரு ஷெரிப்பும் ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரின்போதும் மிக்கேல் திருநாளின்போதும், இந்த மேஜைக்கு முன்னே வந்து நிற்க வேண்டும்.

சதுரங்கப் பலகையின் பெயர் இதற்கு ஏன் வந்தது என்று சிஷ்யன் வினவும்போது குரு சொல்லும் விடை ரசமானது. வடிவத்தில் இரண்டும் ஒத்திருக்கின்றன என்பது முதற்காரணம். பலகையில் இரு அரசர்களுக்குள் போர் நடப்பதுபோல, இங்கே கணக்குக் கேட்கும் பொக்கிஷதாருக்கும் கணக்குச் சொல்ல வந்த ஷெரிப்புக்கும் இடையே போர் நடக்கிறது, மற்றவர்கள் நடுநிலையில் அமர்ந்து அதைப் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது காரணம். மாகாணத்தில் அரசனுக்கு அடுத்தபடியாக அதிகாரம் செலுத்திய ஒருவனை உட்காரவைத்து, பென்னி பென்னியாகக் கணக்குக் கேட்டதிலே, பழைய 'ஷா!' என்ற கூப்பாடு மறுபடியும் கேட்கிறது.

கட்டங்கட்டமான அமைப்பைக் குறிக்கும் சொற்கள் யாவும் இந்தப் பலகையிலிருந்து கிளைத்தவை. இங்கிலாந்தின் பிரதம மந்திரி ஓய்வுக்காகத் தங்கும் கிராமத்து மாளிகைக்குச் 'செக்கர்ஸ்' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த நிலத்தை உடைமையாகப் பெற்றிருந்தவர் எக்ஸ்செக்கரின் உத்தியோகஸ்தர் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். பந்தயக் கார்கள் எல்லையைத் தொட்டதும் வீசிக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கொடியும், ஏற்றமும் தாழ்வும் மாறி மாறி வந்த வாழ்க்கையைக் கட்டம் போட்ட வாழ்க்கை என்று ஆங்கிலேயர் வருணிப்பதும் இதன் கிளைகளே. துணியைப் பொறுத்தவரையில் இதில் நமக்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து கப்பலேறிய கட்டம் போட்ட கைத்தறித் துணி நம் தலைநகரின் பெயரையே தாங்கிச் சென்று, கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையிற் கட்டும் துணிக்கு இன்றும் 'மத்ராஸ்' என்றே பெயர் வழங்கும்படி செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1960-களில் அது சட்டைத் துணியாகப் பெரும் மோஸ்தராயிற்று. ஒவ்வொரு சலவையிலும் சாயம் இறங்கிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே ஒரு விசேஷமாகச் சொல்லி அங்கே விற்றார்கள்.

பிளந்த குச்சியும் கிழித்த சீட்டும்

மேஜையின்மேல் தீர்ந்த கணக்குக்கு ரசீது வேண்டுமே! எக்ஸ்செக்கரில் அதற்கு உபயோகித்தது மரக்குச்சி. குச்சியின் குறுக்கே தொகைக்கு ஏற்றபடி வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைக் கனம், நூறு பவுனுக்குக் கட்டைவிரற் கனம், இருபதுக்குச் சுண்டுவிரற் கனம், ஒரு பவுனுக்கு ஒரு பார்லிமணி அளவு, பென்னிக்கு வெறும் கீறல். பிறகு வெட்டுகளின் ஊடே குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் கொடுத்தவனிடம் தந்து, மறுபாதியைப் பொக்கிஷத்தில் வைத்துக்கொள்ளுவார்கள். பின்னால் தகராறு வந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் போதும். மரத்தின் ரேகையும் வெட்டும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் மோசடி வெளிப்பட்டுவிடும். பணம் கொடுத்தவனிடம் இருந்த பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். இன்றைய பங்குச் சந்தையின் 'ஸ்டாக்' அதிலிருந்தே வந்தது என்ற அபிப்பிராயம் உண்டு. பொக்கிஷத்தில் இருந்த பாதிக்குப் 'பாயில்' என்று பெயர். நம் செக் புத்தகத்தில் கிழித்த பிறகு மிஞ்சி நிற்கும் துண்டை 'கவுண்டர்பாயில்' என்று சொல்லுகிறோமே, அது இந்தக் குச்சியின் வாரிசு.

இந்தக் குச்சிக் கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை ஓய்ந்தபாடில்லை. 1782-ல் அதை ஒழிக்கச் சட்டம் செய்தும், பழைய உத்தியோகஸ்தர்கள் இருக்கும்வரை தொடரலாம் என்ற சலுகையால், 1826-ல்தான் அது நின்றது. மிஞ்சிய குச்சிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்து, 1834-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலைகளில் போட்டு எரிக்குமாறு கட்டளை பிறந்தது. அளவுக்கு மிஞ்சிய உஷ்ணத்தால் புகைபோக்கி பழுதாகித் தீ மேலே பரவி, அன்றிரவே வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த பழைய பார்லிமெண்டு மாளிகை பெரும்பாலும் சாம்பலாயிற்று. இன்று உலகம் முழுவதும் படத்தில் பார்க்கிற மணிக்கூண்டோடு கூடிய மாளிகை அதற்குப் பின் எழுந்தது.

குச்சியின் தத்துவம் காகிதத்துக்கு வந்தபோது 'செக்' என்னும் சொல்லும் கூடவே வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் வியாபாரிகள் தங்கள் பணத்தைப் பொற்கொல்லர்களிடமும் பத்திர எழுத்தர்களிடமும் வைத்து, 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று சீட்டு எழுதி அனுப்பும் பழக்கத்தைக் கைக்கொண்டார்கள். இன்று எஞ்சியிருக்கும் அத்தகைய பழைய சீட்டுகளுள் ஒன்று 1659-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்துத் தேதியிட்டது. தொகை 400 பவுன். ஆனால் அதைச் செக் என்று அப்போது எவரும் சொல்லவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், பணச்சீட்டின் ஓரத்தில் எண்ணிட்டுக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் மறுபாதிக்குத்தான் 'செக்' என்று பெயர் வழங்கிற்று. கள்ளச் சீட்டைத் தடுத்து நிறுத்துவது அந்த மறுபாதியாகையால் அந்தப் பெயர். பாங்க் ஆப் இங்கிலாந்து 1717 முதல் இதற்கென்று பிரத்தியேகக் காகிதத்தில் அச்சடித்த படிவங்களை வழங்கலாயிற்று. நாளடைவில் ஓரத்துத் துண்டின் பெயர் சீட்டு முழுவதற்கும் தாவிவிட்டது. எக்ஸ்செக்கரை நினைவில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷார் அதன் எழுத்துக்கூட்டலைச் சற்றே மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். தம்மிடமிருந்து போன சொல் என்று தெரிந்தோ தெரியாமலோ, பிரெஞ்சுக்காரர்கள் பாங்கிச் சீட்டுக்கு ஆங்கிலேயரிடமிருந்து இச்சொல்லைத் திரும்பக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கட்சியைக் குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. அராபியரிடையே 'ஸக்' என்னும் எழுத்துமூலமான பணக் கட்டளை வழக்கிலிருந்தது. பத்தாம் நூற்றாண்டு யாத்திரிகரான இப்னு ஹௌகல், ஸஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த அவ்தகுஸ்த் நகரத்தில், 42,000 தினாருக்கான அத்தகைய பத்திரம் ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். 'செக்' என்பது இந்த 'ஸக்'கிலிருந்தே வந்தது என்று சிலர் உறுதியாகச் சொல்லுகிறார்கள். பணத்தை மூட்டை கட்டிச் சுமக்காமல் காகிதத்தால் அனுப்பும் ஏற்பாட்டில் அராபியர் முந்தியவர்கள் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆயினும், பொருள் முந்தியது என்பதனாலேயே பெயரும் அங்கிருந்து வந்தது என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சிக்கு உகந்ததன்று. லண்டன் பாங்கிக்காரர்களின் சீட்டு, பெயரின்றி வந்து, ஓரத்துத் துண்டின் பெயரைப் பெற்ற விவரம் படிப்படியாக ஆவணங்களில் கிடைக்கும்போது, ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பி வேறொரு மூலத்தைத் தேடவேண்டிய அவசியம் இல்லை.

பாங்கிச் செக்கின் வழியாக இச்சொல் ராஜதந்திரத்திலும் புகுந்தது. 1914-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ஆம் தேதி, ஸெர்பியாவை என்ன செய்தாலும் துணை நிற்பதாக ஜெர்மானியச் சக்கரவர்த்தி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த வாக்குறுதியைத் தொகை எழுதாத வெற்றுச் செக் என்றே சரித்திரக்காரர்கள் குறிக்கிறார்கள். அதை மாற்றியபோது விளைந்தது முதல் உலக யுத்தம். 1942-ல் ஸ்டாபோர்டு கிரிப்ஸ் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வாக்குறுதியைப் பின் தேதியிட்ட செக் என்று காந்தியடிகள் வருணித்ததாகச் சொல்லுவதுண்டு. 1963-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வாஷிங்டன் நகரில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், அமெரிக்கா தன் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டதாகக் கூறினார். நம் நாட்டிலோ, 1881-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 138-ஆம் பிரிவின்படி, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பி, நோட்டீஸ் கொடுத்த பிறகும் பணம் தராதவனுக்குச் சிறைவாசமே உண்டு. இங்கும் நோட்டீஸ் முதலில், தண்டனை பிறகு என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும்.

அதிகாரத்துக்குக் காவல்

பாதியோடு பாதியை ஒத்துப் பார்ப்பது என்ற இந்தக் கருத்திலிருந்தே, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சரிபார்த்தல் என்னும் இன்றைய பிரதானமான பொருள் ஆங்கிலத்தில் வேரூன்றியது. அமெரிக்க ரெயில்வேக்களில் பிரயாணியின் பெட்டியில் ஒரு பித்தளை வில்லையைக் கட்டி, அதே எண்ணுள்ள மற்றொன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அந்த வில்லைக்கும் 'செக்' என்றே பெயர். அந்தத் தேசத்தில் ஹோட்டல் பில்லும் செக்தான். பட்டியலைச் சரிபார்த்துப் போடும் சிறு குறியும் செக்தான். வைத்தியரின் செக்கப்பும், பஸ் செக்கரும், செக்போஸ்ட்டும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. இருக்கவேண்டியதையும் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இவர்கள் எல்லோருடைய வேலையும்.

தடுத்தல் என்ற பொருளும் ஒத்துப் பார்த்தல் என்ற பொருளும் ஒன்றாகக் கலந்த இடம் அரசியல் சாஸ்திரம். அதிகாரம் உள்ளவன் அதை எல்லை காணும்வரை பிரயோகித்தே தீருவான் என்பதையும், ஆகையால் ஓர் அதிகாரத்தை மற்றோர் அதிகாரமே தடுத்து நிறுத்தும்படி ராஜ்யத்தை அமைக்கவேண்டும் என்பதையும் பிரெஞ்சு ஞானி மான்டெஸ்க்யூ 1748-ல் வெளியிட்ட தம்முடைய சட்டங்களைப் பற்றிய நூலில் நிலைநாட்டினார். 1787-ல் வகுத்த அமெரிக்க அரசியல் சட்டம் அந்தத் தத்துவத்தை அனுஷ்டானத்துக்குக் கொண்டுவந்தது. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி நிராகரிக்கலாம், அந்த நிராகரிப்பை இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வோட்டால் தள்ளலாம் என்று பரஸ்பரக் காவல்கள் அதில் ஏற்பட்டன. அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்துக்காக வாதாடி ஜேம்ஸ் மாடிஸன் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று இந்தச் 'செக்'குகளைப் பற்றியதே.

இங்கிலாந்தில் இந்தக் காவல் பழைய மேஜையின் பெயரிலேயே வந்தது. 1866-ல் கிளாட்ஸ்டன் நிதி மந்திரியாக இருந்தபோது நிறைவேறிய எக்ஸ்செக்கர் தணிக்கைச் சட்டம், அரசாங்கம் செலவழித்த ஒவ்வொரு பென்னியையும் சோதித்துப் பார்லிமெண்டுக்கு அறிவிக்கக் 'கம்ப்ட்ரோலர் அண்டு ஆடிட்டர் ஜெனரல்' என்ற உத்தியோகஸ்தரை நியமித்தது. நம் அரசியல் சட்டத்தின் 148-ஆவது ஷரத்து ஏற்படுத்தியிருக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி அந்தப் பரம்பரையில் வந்தவர். 'கம்ப்ட்ரோலர்' என்ற பட்டத்தின் மூலத்தைப் பார்த்தால், அதுவும் எதிர்ச்சுருள் என்று பொருள்படும் இலத்தீன் சொல். மூலக் கணக்கோடு ஒத்துப் பார்க்கத் தனியே வைத்த நகற்கணக்கையே அது குறித்தது. அன்று மேஜைக்கு முன்னே ஷெரிப் நின்றான். இன்று மந்திரிகளின் இலாகாக்கள் நிற்கின்றன.

ஆக, இச்சொல்லின் அர்த்தங்கள் பலவாகத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே. பலம் படைத்தவன் யாராயினும், அவனுடைய நிலை ஆபத்தில் இருக்கிறது அல்லது கணக்கில் பொருந்தவில்லை என்பதை அவன் முகத்துக்கு நேரே, உரிய காலத்தில், வெளிப்படையாகச் சொல்லுவதற்குப் பெயர் செக். அதிலே மிரட்டல் இல்லை, பழிவாங்கலும் இல்லை. திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு.

ஆகையால் நம் பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எதிரி எழுந்திருக்க முடியாதபடி விழுந்துவிட்ட பிறகு 'வைத்தார் செக்' என்று தலைப்பிடுவது ஆட்டத்தின் விதிப்படி பிழை. அதற்கு 'மேட்' என்ற வேறு சொல் இருக்கிறது. ராஜாவுக்கு இன்னும் தப்ப ஒரு வழியாவது மிச்சம் இருக்கும்போதுதான் செக் என்று சொல்லலாம்.

அடுத்த வாரம், இந்தச் செக்கை மாற்றித் தரும் 'பாங்க்' என்ற சொல் இத்தாலிய நகரத்துச் சந்தையில் கிடந்த ஒரு சாதாரணப் பெஞ்சிலிருந்து எப்படி எழுந்தது என்பதைப் பார்ப்போம்.